முட்டை குறைச்சல், பொறுப்பு அதிகம்

சுவர் இதழில் எல்லாரும் மயில், குயில் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் எங்கள் வீட்டுக் கோழியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்!

நம் பக்கத்து நாட்டுக்கோழியில் பெருவிடை, சிறுவிடை என்று இரண்டு உண்டு. பெருவிடை நெட்டையாக இருக்கும், சண்டைக்குப் பேர் போனது. சிறுவிடை குட்டை. பெட்டை ஒரு கிலோ, ஒன்றரை கிலோதான் தேறும். எங்கள் வீட்டில் இருப்பது சிறுவிடை.

இது ஒரு தடவைக்கு 12 முதல் 15 முட்டை இடும். அப்புறம் நிறுத்திவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு மூணு, நாலு தடவைதான் இப்படி. பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் கோழியோ வருடத்துக்கு 300 முட்டை வரை இடும்.

இதைச் சொல்லித்தான் மாமா ஒருநாள், "அக்கா, இதுகள வித்துட்டு பண்ணைக்கோழி நாலு வாங்கு. தினமும் முட்டை கிடைக்கும்" என்றார். கையில் காசு இல்லாத நேரம். அம்மாவும் சரி என்கிற மாதிரி இருந்தார். அம்மாச்சிதான் விடவில்லை. "முட்டை போடும்டா, குஞ்சு யாரு பொரிப்பா? நீயா உட்காருவ?" என்று கேட்டார்.

அம்மாச்சி கேட்டது சரியான கேள்வி. கோழி அடைக்கு உட்காரும்போது அதன் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதனால் முட்டையிடுவது நின்றுபோகிறது. அதிக முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், லெகார்ன் கோழிக்கு அடை காக்கும் குணமே அநேகமாகப் போய்விட்டது. அதன் முட்டையைப் பொரிக்க மின்சாரப் பெட்டி வேண்டும். எங்க கோழிக்கு ஒரு பழைய கூடையும் கொஞ்சம் வைக்கோலும் போதும்.

21 நாள் அது படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! இரை தின்ன ஒருநாளைக்கு ஒரு தடவை இறங்கினால் பெரிசு. குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அலகால் முட்டையை அடிக்கடி புரட்டி வைக்கும். பெருவிடை கனம் என்பதால் சில சமயம் தன் முட்டையைத் தானே மிதித்து உடைத்துவிடும். அதனால் பெருவிடை முட்டையையும் சிறுவிடைக்கு அடியில் வைப்பார்கள். அதுவும் தன் குஞ்சு மாதிரியே வளர்க்கும்.

மற்ற நாளில் சாதுவாகத் திரியும் கோழி, குஞ்சு பொரித்ததும் ஆளே மாறிவிடும். வானத்தில் பருந்து வந்தால் ஒரு சத்தம், தரையில் கீரி வந்தால் வேறு சத்தம். எங்க தெரு நாயையே முற்றத்தை விட்டு விரட்டியிருக்கிறது!

இதில்தான் எங்களுக்கு லாபம். அம்மாவும் மாமாவும் விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் பள்ளிக்கு வந்துவிடுவோம். அம்மாச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. பகல் முழுக்கக் குஞ்சுகளைப் பார்க்க அந்தத் தாய்க்கோழிதான் இருக்கிறது. கடைசியாக வைத்த 12 முட்டையில் பத்து பொரித்தது. ஏழு தேறியது. இரண்டு சேவல் விற்ற காசில்தான் தம்பிக்குச் செருப்பும் எனக்கு நோட்டும் வந்தன. மாமா இப்போது பண்ணைக்கோழிப் பேச்சே எடுப்பதில்லை.

இன்னொரு செய்தி. வீட்டுக்கோழிகளின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் அவற்றின் மஞ்சள் கால் நிறம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி வேறெங்கும் இல்லை, நம் குரங்கணி, போடிமெட்டு மலைகளிலும் கூவுகிறது!

நண்பர்களே, கோழி அடைக்கு உட்கார்ந்தால் மூக்கில் இறகைச் செருகியும் தண்ணீரில் முக்கியும் அடையைக் கலைக்காதீர்கள். அது சோம்பேறி இல்லை. அடுத்த தலைமுறைக்காக உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக் கழிச்சல் வராமல் இருக்க கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.



– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி