வாப்பாவின் புல்லட்டும் மூன்று டப்பாக்களும்

மதரசாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கு மோட்டார் சைக்கிளின் போல்ட், நட்டுகளோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கல்லூரியில் நான் பயின்றதும் வரலாறுதான், இயந்திரவியல் அன்று. ஆனால் மர்ஹூம் வாப்பா அவர்கள் விட்டுச் சென்ற புல்லட் ஒன்று, எங்கள் வீட்டுத் திண்ணையோரம் பதினோரு ஆண்டுகள் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் மச்சான். "அது ஓடணும், என் பேரன் அதுல ஏறிப் போறத நான் கண்ணால பாக்கணும்" என்றார்கள் உம்மா. எங்கள் வீட்டில் உம்மாவின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை.

என்ஜின் பட்டறைக்குப் போயிற்று. சட்டமும் டேங்கும் பெயிண்டரிடம் போயின. எஞ்சியவை சிறு சாமான்கள்: போல்ட்டுகள், நட்டுகள், வாஷர்கள், கிளிப்புகள், பட்டைகள். ஏறக்குறைய இருநூறு உருப்படிகள் எனக்கும் என் மகனுக்கும் பங்காக வந்தன. கடலோர ஊரின் உப்புக் காற்று அவற்றில் பாதியைச் செம்பழுப்பாக்கியிருந்தது.

"இவ்வளவு பாடு எதற்கு? புதிதாக வாங்கிவிடலாமே" என்றான் மகன். நியாயமான கேள்வி. விடை வரலாற்றில் இருக்கிறது. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட்டுகள் ஆங்கிலேய வடிவமைப்பையே தொடர்ந்தன, மரைகளும் அவ்வாறே. பழைய வண்டியின் 5/16 அங்குல போல்ட்டின் குறுக்களவு 7.9 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டோடு அதை ஒப்பிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பழைய சைக்கிள் மரையில் ஓர் அங்குலத்துக்கு 26 சுற்றுகள். புதிய சாதாரண போல்ட்டில் ஏறத்தாழ 20தான். அறியாமல் ஒன்றில் மற்றொன்றை முறுக்கினால் இரண்டின் மரையும் பாழ். ஆகவே, நல்ல நிலையில் உள்ள பழைய போல்ட் ஒவ்வொன்றும் காப்பாற்றத் தக்கதே.

வேலையின் முதற்படி தூரிகை அன்று, அடையாளச் சீட்டு. கழற்றிய இடத்தின் பெயரை எழுதி, போல்ட்டையும் அதன் வாஷரையும் ஒரே கம்பியில் கோத்து வைத்தோம். அடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றி, சோப்பு நீரில் கழுவி, உடனே உலர்த்தினோம். எண்ணெய் ஒட்டியிருக்கும் இரும்பில் எந்த வண்ணமும் நில்லாது.

முலாம் இல்லாத வெற்றிரும்புத் துண்டுகளை வினிகரில் ஓரிரவு ஊறவிட்டால் துரு நெகிழ்ந்துவிடும். பின்னர் சமையல் சோடாக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். இல்லையேல் உலரும் முன்னரே மறுபடியும் துரு பூக்கும். தலையில் 10.9, 12.9 என்று பொறித்த கடின எஃகு போல்ட்டுகளை மட்டும் அமிலத்தில் இடலாகாது. அமிலம் இரும்பைத் தின்னும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கிவிடும். வெளியே பளபளப்பாகத் தோன்றும் போல்ட், சுமை ஏறிய பின் ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியும்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. பழைய போல்ட்டுகள் சிலவற்றில் மங்கிய வெள்ளி நிறத்தில் முலாம் எஞ்சியிருக்கும். அது துத்தநாகமாகவும் இருக்கலாம், காட்மியமாகவும் இருக்கலாம். பார்வையால் பிரித்தறிய இயலாது. காட்மியத்தின் தூளும் புகையும் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. அத்தகையவற்றை உலர்வாகத் தேய்க்கவோ, நெருப்பில் காட்டவோ, வினிகரில் ஊறவைக்கவோ வேண்டாம்; பிசுக்கை மட்டும் துடைத்து அப்படியே பூட்டலாம். மற்றத் துண்டுகளையும் உப்புத்தாளை நனைத்தே தேய்த்தோம். அதுவும் கொல்லைப்புறத்தில், கையுறையோடு. பிள்ளைகள் விளையாடும் முற்றமும் சமையல் பாத்திரங்களும் இவ்வேலைக்கு உரியவை அல்ல. தின்னரின் நெடிக்கும் இதே விதிதான்.

பின்னரே வண்ணம். அட்டைப் பெட்டியில் துளையிட்டு, போல்ட்டுகளின் தலை மட்டும் மேலே தெரியும்படி வரிசையாகச் செருகினோம். முதலில் மெல்லிய பிரைமர். நன்கு உலர்ந்ததும் கறுப்பு எனாமல் இரண்டு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் வழிந்து நிற்கும், உள்ளேயும் காயாது. மரையில் வண்ணம் படக்கூடாது. தலையின் அடிப்புறமும் வாஷர் அமரும் இடமும் வெறுமையாகவே இருக்க வேண்டும். இதன் காரணத்தை மெக்கானிக் பாய் அழகாக விளக்கினார்: "ஹஜரத், பெயிண்ட் மேல நட்ட முறுக்காதீங்க. இன்னிக்கு இறுகுன மாதிரி இருக்கும். பெயிண்ட் நசுங்குனதும் நட்டு லூசாயிடும்." மரையிலும் வெறுமையான இடங்களிலும் சிறிது கிரீஸ் தடவினால் உப்புக் காற்றுக்கு அதுவே காவல்.

இருநூறையும் மூன்று பிஸ்கட் டப்பாக்களில் பிரித்தோம். புதுக்கி மீண்டும் பூட்டத் தக்கவை ஒன்றில். மட்கார்டு, பெட்டி மூடி போன்ற சுமையற்ற இடங்களுக்கானவை இரண்டாவதில். உயிரைத் தாங்குபவை மூன்றாவதில். சக்கர அச்சின் நட்டுகள், பிரேக்கோடு சேர்ந்தவை, ஹேண்டில் பாரை இறுக்குபவை எல்லாம் அந்த மூன்றாவது டப்பாவைச் சேர்ந்தவை.

அந்த டப்பாவில்தான் மனம் தயங்கியது. ஹேண்டில் பார் போல்ட் ஒன்றின் தலையில், ஸ்பேனர் நழுவி விழுந்த ஒரு தழும்பு இருந்தது. அதை முறுக்கியது வாப்பாவின் கை. வண்ணம் பூசினால் புதிது போலவே ஆகியிருக்கும். ஆனால் அதன் மரை நடுவில் இழுபட்டு மெலிந்திருந்தது. விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொந்த மகன் ஏறும் வண்டியில், சொந்தப் பாசத்தின் பெயரால் மறைக்கலாமா? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடி, மரையை அளந்து, அதே அளவில் புதியது வாங்கினோம். பழையதை உம்மாவிடம் கொடுத்தேன். முந்தானையால் அதைத் துடைத்து, வாப்பாவின் மூக்குக் கண்ணாடி இருக்கும் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

முன்னோர் விட்டுச் சென்ற எல்லாவற்றையும் எறிவது எளிது. எல்லாவற்றையும் வண்ணம் பூசி வைத்துக்கொள்வதும் எளிது. எதைப் புதுக்கலாம், எதை மாற்றியாக வேண்டும், எதை நினைவாக மட்டும் பேணலாம் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பதே கடினம். உங்கள் வீட்டிலும் பழைய வண்டியோ, தையல் இயந்திரமோ மூலையில் கிடந்தால், விலை பேசும் முன் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கழற்றிப் பாருங்கள். மூன்று டப்பாக்கள் போதும்.