இரவு ஊறிய தண்ணீர்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. மிளகுக்கொடி, கராம்பு, சாதிக்காய், கறுவா எல்லாம் ஒரே தோட்டத்தில் நிற்கின்றன. இவற்றின் நிழலில் எழுபது வருஷம் வாழ்ந்தவனுக்குச் சீனி வருத்தம் வந்தபோது, மருந்தும் மண்ணிலேயே இருக்கும் என்று மனம் சொன்னது.

கோத்தல ஹிம்புட்டுக் கோப்பை ஒன்று வாங்கினேன். சித்த வைத்தியர்கள் அந்தக் கொடியைப் பொன்கொறண்டி என்பார்கள். காட்டில் படரும் பெருங்கொடி. அதன் கட்டையைக் குடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றினால் காலையில் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பை நம்பி நாலு மாதம் கிளினிக் மாத்திரையைத் தொடவில்லை. ஒருநாள் பாதத்தில் முள் ஏறியிருந்தது. தரையில் இரத்தத்தைக் கண்டு மகள்தான் சொன்னாள். எனக்கு வலிக்கவே இல்லை; நரம்பு மரத்துப்போயிருந்தது.

கொடியின் மேல் எனக்குக் கோபமில்லை. அதிலுள்ள சலாசினோல், மாப்பொருள் குடலில் சீனியாக உடைவதைத் தாமதப்படுத்துகிறது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 2005இல் வெளியான இலங்கை ஆய்வில், அதன் தேநீரைக் குடித்த 51 நோயாளருக்கு, இரத்தச் சீனியின் சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

இரத்தத்தில் சீனி ஏறினால் பெரும்பாலான உயிரணுக்கள் தாங்களாகக் கதவைச் சாத்திக்கொள்ளும். கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் உயிரணுக்கள் பலவற்றால் அது முடியாது. உள்ளே குவியும் சீனியை எரிக்கும்போது சூப்பர்ஆக்சைடு என்னும் தீவிர மூலக்கூறு கசிந்து அவற்றைச் சிதைக்கிறது. நீரிழிவு ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் இதை ஒரே கோவையாக விளக்கினார். கறுவாவிலும் நெல்லியிலும் உள்ள பொருட்கள் ஆய்வுக்கூடத் தட்டில் இந்தச் சிதைவைத் தணிக்கின்றன. ஆனால் தட்டில் உயிரணு சாற்றிலேயே ஊறிக் கிடக்கிறது. நாம் விழுங்குவதில் சொற்பமே இரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. இத்தகைய சிதைவைத் தணிக்கும் என்று எண்ணப்பட்ட வைட்டமின் ஈயை 9,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்துப் பார்த்த ஹோப் ஆய்வும் 2000இல் மாரடைப்பு குறையவில்லை என்றே சொன்னது.

சீனி என்ற விறகை அடுப்பில் திணித்துக்கொண்டே புகையை விசிறியால் விரட்டுவது போல்தான் அது. முதலில் விறகை இழுக்க வேண்டியிருந்தது.

இப்போது மாத்திரை தவறுவதில்லை, சோறு பாதி. கோப்பை விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். மாத்திரையோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம் என்றார். அதனால் அது அலமாரியில் இருக்கிறது. படுக்குமுன் பேத்தி டார்ச் அடித்து என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். விரலிடுக்கையும் பாரம்மா என்கிறேன்.