உப்பு மழைக்கு அப்புறம் என்ன?

வழக்கமா இங்க சுகர், பிரஷர், காய்ச்சல்னுதான் எழுதுவேன். இன்னைக்கு ஒரு பாட்டுக்காரம்மாவைப் பத்தி. நடுவுல ஒரு கால் புண்ணும் வரும், அதனால டாக்டர் தடம் மாறிட்டார்னு நினைச்சுடாதீங்க. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

நான் வேலை பார்க்கிறது மரக்காணம் பக்கம். சென்னையில இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில பாண்டிச்சேரி போனவங்க எங்க ஊரைப் பார்த்திருப்பீங்க. சதுரம் சதுரமா பாத்தி, அங்கங்க வெள்ளைக் குவியல். வண்டியை நிறுத்தி செல்ஃபி கூட எடுத்திருப்பீங்க. அந்தப் பாத்திக்குள்ள வெறுங்காலோட நிக்கிறாங்களே, அவங்கதான் என்னோட ஓ.பி.

இங்க வந்த முதல் வருஷம், கார்த்திகை மாசம், ஒரு நைட் ட்யூட்டி. வெளிய மழை கொட்டுது. கேஸ் எதுவும் இல்ல. போன்ல பாட்டு தேடிட்டு இருந்தப்போ ஒரு ஆல்பம் பேரு கண்ணுல பட்டுது. 'சால்ட் ரெயின்'. உப்பு மழை! இந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு அந்தப் பேரைத் தாண்டிப் போக முடியுமா? போட்டேன்.

மறுநாள் காலையில சுகர் மாத்திரை வாங்க வந்த ஒரு உப்பள அக்காகிட்ட, "உப்பு மழைன்னு ஒரு பாட்டு கேட்டேன் அக்கா"ன்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க.

"மழை பேஞ்சா ஏது சார் உப்பு?"

சரிதான். மழை இறங்கிட்டா பாத்தி எல்லாம் குளம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் வேலை கிடையாது. லண்டன்ல கவிதையா இருக்கிற பேரு மரக்காணத்துல வயித்துல அடிக்கிற சமாச்சாரம்.

அந்த ஆல்பத்தைப் பாடினவங்க சுசீலா ராமன். 1973-ல லண்டன்ல பிறந்த தமிழ்ப் பொண்ணு. பூர்வீகம் தஞ்சாவூர். சின்ன வயசுலயே குடும்பம் ஆஸ்திரேலியா போயிடுச்சு. அங்கதான் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டாங்க. டீன் ஏஜ் வந்ததும் சிட்னியில பேண்ட், ராக், ஃபங்க்னு வேற பக்கம் போயிட்டாங்க. 1995-ல இந்தியா வந்து ஸ்ருதி சடோலிகர்கிட்ட ஹிந்துஸ்தானி கத்துக்கிட்டாங்க. அப்புறம் இங்கிலாந்துக்குத் திரும்பி, சாம் மில்ஸ்னு ஒரு கிட்டார் கலைஞரோட சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பிச்சாங்க. பின்னாடி கல்யாணமும் ஆச்சு.

அந்த சாம் மில்ஸ் அதுக்கு முன்னாடி வங்காளத்துப் பவுல் பாடகர் பபன் தாஸோட 'ரியல் சுகர்'னு ஒரு ஆல்பம் பண்ணினவர். முதல்ல சர்க்கரை, அடுத்தது உப்பு. ஒரு டாக்டரா இந்த வரிசையைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு!

'சால்ட் ரெயின்' வந்தது 2001-ல. தியாகராஜர் கீர்த்தனையும் இருக்கும், டிம் பக்லியோட ஆங்கிலப் பாட்டும் இருக்கும். இங்கிலாந்துல பெரிய கௌரவமான மெர்குரி பரிசுக்கான பட்டியல்ல இடம் கிடைச்சுது. பரிசு அறிவிச்ச நாள் 2001 செப்டம்பர் 11. அன்னைக்கு உலகம் எதைப் பார்த்துட்டு இருந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. பரிசு பி.ஜே.ஹார்விக்குப் போச்சு. ஆனா 2002-ல பிபிசி ரேடியோ 3-ஓட உலக இசை விருதுகள்ல சிறந்த புதுமுகம் இவங்கதான்.

குரல் எப்படி இருக்கும்னு கேட்டீங்கன்னா, சபா மேடைக் குரல் இல்ல. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் புகை. அமெரிக்கக் கறுப்பின மக்களோட சர்ச்சுப் பாட்டுல இருந்து வெளிய வந்த 'சோல்' இசை தெரியுமா? அரீத்தா ஃபிராங்க்ளின், ஓட்டிஸ் ரெட்டிங் எல்லாம் பாடினது. பாட்டை அழகுபடுத்துறதை விட, மனசுல இருக்கிறதை அடக்காம வெளிய விடுறது. அந்தக் குரல்ல தியாகராஜரைக் கேட்டுப் பாருங்க. நமக்குத் தெரிஞ்ச சாமிப் பாட்டு, ஆனா பக்கத்துல ஒரு மனுஷி உட்கார்ந்து முறையிடுற மாதிரி இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ராத்திரி ட்யூட்டின்னா அந்த ஆல்பம்தான். ஒரு வருஷம் ஓடுச்சு. அதே ஆளோட அடுத்த ஆல்பத்தை நான் தொடவே இல்ல. நல்லா இருக்கிறதை எதுக்கு மாத்தணும்னு ஒரு நினைப்பு.

அடுத்தது 2003-ல வந்த 'லவ் ட்ராப்'. ஒரு நாள் போட்டுப் பார்த்தேன்.

பிடிக்கல.

டிரம்ஸ் முன்னாடி வந்து நிக்குது. நான் தேடிப் போன குரல் கூட்டத்துக்கு நடுவுல எங்கயோ இருக்கு. 'இந்தம்மா ஏன் இப்படிப் பண்ணிட்டாங்க?'ன்னு நிறுத்திட்டேன்.

இங்க 'ஃபங்க்'னா என்னன்னு ரெண்டு வரி சொல்லிடுறேன். 1960-கள்ல ஜேம்ஸ் பிரவுன் சோல் இசையை எடுத்து, எல்லா வாத்தியத்தையும் தாளக் கருவியா மாத்தினார். கிட்டார் மெட்டு வாசிக்காது, வெட்டும். பேஸ் கிட்டார் தாளத்தோட ஒட்டிக்கும். முதல் அடியில எல்லாரும் ஒண்ணா இறங்கணும், மத்த இடத்துல இடைவெளி விடணும். சோல் நெஞ்சுல உட்காரும்னா, ஃபங்க் இடுப்புக்குக் கீழ இறங்கும்.

அதை நைஜீரியாவோட லாகோஸ்ல ஃபெலா குட்டி வாங்கி, அவங்க ஊர் யோருபா தாளம், ஜாஸ், ஹைலைஃப் எல்லாம் கலந்து 'ஆஃப்ரோபீட்'னு ஆக்கினார். அதுக்கு டிரம்ஸ் வாசிச்சவர் டோனி ஆலன். 1979 வரைக்கும் ஃபெலாவோட இருந்தவர், 2020-ல காலமானார். ரெண்டு கை, ரெண்டு கால், நாலும் நாலு வேலை பார்க்கும். சத்தம் போட்டு அடிக்க மாட்டார், பேசுற மாதிரி வாசிப்பார். சிறுமூளைன்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு மாணவர்களுக்குக் காட்டணும்னா அவரைக் காட்டலாம்.

'லவ் ட்ராப்'ல சுசீலா கூட்டிட்டு வந்தது அந்த டோனி ஆலனை. தலைப்புப் பாட்டோட மெட்டு எத்தியோப்பியாவோட மஹ்மூத் அஹமத் பாடினது. தியாகராஜர் இதுலயும் இருக்கார், ஆனா இந்த முறை பூஜை அறையில இல்ல.

இதெல்லாம் நான் பின்னாடி தேடிப் படிச்சது. அந்த ஆல்பத்தை எனக்குப் புரிய வச்சது புத்தகம் இல்ல, அதே அக்காதான். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அந்த ரெண்டாவது வருஷம் ஆவணி மாசம், அக்கா வலது காலுக்கு அடியில ஒரு புண்ணோட வந்தாங்க. பத்து வருஷ சுகர். நைலான் இழையால தொட்டுப் பார்க்கிற பரிசோதனையில ரெண்டு கால்லயும் பாதி இடத்துக்கு மேல உணர்ச்சி இல்ல. உப்புக் கல்லு கிழிச்சது எப்போன்னு அவங்களுக்கே தெரியல. வலிச்சாத்தானே தெரியும்?

நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். "உப்புத் தண்ணியில கால் வைக்காதீங்க அக்கா." வாராவாரம் அதேதான். அவங்களும் தலையாட்டிட்டு நேரா பாத்திக்குப் போவாங்க. ஏழு வாரம். புண் ஆறல. அக்கா சொல் பேச்சு கேக்கலன்னு எனக்குக் கோபம் வேற.

ஐப்பசியில மழை வந்துச்சு. வேலை நின்னுச்சு. புண் ஆற ஆரம்பிச்சுது. என் மருந்தை விட மழை நல்லா வேலை செஞ்சுது. வீட்டுல வருமானம் இல்ல, மழைக்கால நிவாரணமா அரசு தர்ற ஐயாயிரம் ரூபாய்தான். கால் ஆறணும்னா வயிறு காயணும்.

மார்கழியில ஒரு நாள் சிஸ்டர் லீவு. நானே கட்டு மாத்திட்டு இருந்தேன். போன்ல பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. 'சால்ட் ரெயின்' முடிஞ்சு தானா 'லவ் ட்ராப்'புக்குப் போயிடுச்சு, கை அழுக்கா இருந்ததால என்னால நிறுத்த முடியல. வலது கால் என் கையில. இடது கால் தரையில. தரையில இருந்த கால் ஆடுது. விரல் இல்ல, குதிகால். தூக்கி வைக்குது, தூக்கி வைக்குது.

"இன்னா சார் இது, பாத்தி மிதிக்கிற மாதிரி இருக்குது?"

தொட்டா தெரியாத கால். தாளம் தெரியுது! இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. தாளம் காது வழியா மூளைக்குப் போய்க் காலை ஆட்டுது, தோல்ல இருக்கிற நரம்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனாலும் நான் கத்தரியைக் கீழ வச்சுட்டுப் பார்த்தேன்.

பாத்தி மிதிக்கிறதுன்னா என்னன்னு அக்கா சொன்னாங்க. மழை முடிஞ்சதும் தண்ணியை இறைச்சுட்டு, சேத்துல வரிசையா நின்னு மிதிக்கணும். அடி மண்ணு இறுகணும். இல்லன்னா உப்புத் தண்ணி கீழ இறங்கிடும், வாரும்போது உப்போட சேறும் வரும். "ஒருத்தி பாடுவா சார். நாங்க வாயால பதில் சொல்ல மாட்டோம், காலால சொல்லுவோம்."

அன்னைக்கு ராத்திரி 'லவ் ட்ராப்'பை முதல்ல இருந்து கேட்டேன். குரல் காணாம போகல மக்களே. நிக்கிற இடம்தான் மாறியிருக்கு. முதல் ஆல்பத்துல எல்லாரும் அவங்க குரலுக்கு வழிவிட்டு வாசிப்பாங்க. இதுல அவங்க வரிசையில இறங்கி நின்னு பாடுறாங்க. நீட்ட வேண்டிய இடத்துல வெட்டுறாங்க, டிரம்ஸ் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்காங்க. நல்லாப் பாடுறேன்னு பேரு வாங்கினவங்களுக்குச் சும்மா இருந்து அடுத்தவர் வாசிப்பைக் கேக்குறது எவ்வளவு கஷ்டம்? எனக்கு அதுதான் வளர்ச்சியாத் தெரிஞ்சுது.

பரிசுப் பட்டியல் வாங்கிக் கொடுத்த வழி கையிலயே இருந்துச்சு. 'சால்ட் ரெயின் 2' போட்டிருந்தா என்னை மாதிரி ஆளுங்க சந்தோஷமா வாங்கியிருப்போம். 2003 மெர்குரி பட்டியல்ல அவங்க பேரு இல்ல. ஆனா அவங்க நிக்கல. 2005-ல 'மியூசிக் ஃபார் க்ரோக்கடைல்ஸ்', அதுல ஒரு பகுதியைச் சென்னையில பதிவு பண்ணினாங்க. அப்புறம் தமிழ்நாட்டுக்கே வந்து பக்திப் பாட்டு பாடுற கோவை கமலாகிட்ட கத்துக்கிட்டு, 2011-ல 'வேல்'. முருகன் பாட்டை அவ்வளவு ஆவேசமா அவங்க பாடுறதைக் கேக்கும்போது, தாளத்துக்குள்ள இறங்கி நிக்க 'லவ் ட்ராப்'ல பழகினதாலதான் இது வந்துச்சுன்னு எனக்குத் தோணும்.

அக்கா கதைக்கு வர்றேன். தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலையில உப்பளத்துக்குப் போனேன், மிதிக்கிறதைப் பார்க்க. ரெண்டு வருஷமா இங்க இருக்கேன், அதுதான் முதல் தடவை. பூட்ஸ் போடுங்கன்னு நான் சொன்னது ஏன் நடக்கலன்னு அங்க புரிஞ்சுது. சேறு பூட்ஸை உறிஞ்சிப் பிடிச்சுக்கும். மண்ணு இறுகிடுச்சான்னு வெறுங்காலுக்குத்தான் தெரியும்.

அப்புறம்தான் உருப்படியா பேசினோம். புண் முழுசா மூடற வரைக்கும் மிதிப்பு வேண்டாம். உப்பு விளைஞ்சு வாரும்போது வரப்பு ஓர வேலை மட்டும், ரெண்டு சாக்ஸ், மேல பூட்ஸ். ராத்திரி நல்ல தண்ணியில காலைக் கழுவி, மகள் டார்ச் அடிச்சு உள்ளங்காலைப் பார்க்கணும். மேஸ்திரிகிட்ட அக்காவே பேசினாங்க. மிதிப்புக் கூலி போச்சு. மாசியில புண் மூடுச்சு. விரல் தப்பிச்சுது.

ஒரு நாள் கேட்டேன், வரப்பு வேலை பரவாயில்லையான்னு.

"பரவால்ல சார். ஆனா மிதிக்கிறதுதான் எனக்குப் புடிச்ச வேலை."

அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

எங்க வீட்டுல எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா? பி.ஜி. எப்போ?" மூணு தடவை எழுதிட்டேன், கிடைக்கல. திரும்பவும் எழுதுவேன். ஆனா வளர்றதுன்னா மேல ஏறுறது மட்டும்தான்னு முன்னாடி நினைச்சிருந்தேன். இப்போ அப்படி இல்ல.

இந்தக் கரையில பாட்டுக்காரங்க நடமாட்டம் புதுசும் இல்ல. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான்னு அறிஞர்கள் சொல்றாங்க. பரிசு வாங்கின ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்ற பாட்டு அது. உப்பு விக்கிற உமணர் வண்டியும் அதுல வரும்.

நானும் வழி சொல்லிடுறேன். முதல்ல 'சால்ட் ரெயின்' கேளுங்க. மறுநாளே 'லவ் ட்ராப்' கேளுங்க, என்னை மாதிரி ஒரு வருஷம் தள்ளிப் போடாதீங்க. பிடிக்கலன்னா குதிகாலால கேட்டுப் பாருங்க.

சுகர் இருக்கிறவங்க இன்னைக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலன்னா ஒரு கண்ணாடியைத் தரையில வச்சுப் பாருங்க. வலிக்கலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல.


- ஓர் அரசு மருத்துவர், மரக்காணம் கடற்கரையில் இருந்து.