பிஸ்கட் டின்னும் வறுத்த அரிசியும்

திம்புள்ளப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு முறை ஈரம் வீட்டுக்குள் வந்து குடியேறிவிடும். வைகாசிக் கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவப் பெயர்ச்சி மழை ஆவணி, புரட்டாதி வரைக்கும் மலையின் மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். அது ஓய்ந்து சில வாரங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை. அதன் பின்னால் மார்கழிக் குளிரும் பனிமூட்டமும். தை பிறந்த பிறகு காய்ந்த காற்று வீசும் சில வாரங்களில்தான் காலையில் போட்ட துணி மாலைக்குள் முழுதாகக் காய்ந்து கைக்கு வரும். அந்த நாட்களில் எடுக்கும் கொழுந்தினால்தான் திம்புள்ளத் தேயிலைக்கு நல்ல பெயரும் விலையும் கிடைக்கின்றன. மற்ற மாதங்களில் பாயிலிருந்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை எல்லாவற்றிலும் ஈரலிப்பு ஏறி, பூஞ்சணம் பிடித்துவிடும்.

நான் கிளிநொச்சியில் பிறந்தவள். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2010இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்து, இரண்டு பிள்ளைகளுடன் திம்புள்ளப் பக்கத்தில் தோட்டமொன்றில் இருந்த பெரியம்மாவின் லயக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தேன்.

வன்னியில் நாங்கள் பயந்தது கறையானுக்கு. பொருளை நிலத்தில் படாமல் வைத்தால் போதும், மற்றதை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். இடம்பெயரும் நேரத்தில் காணி உறுதியையும் நகையையும் பொலித்தீனில் சுற்றி, கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டுப் போய், மாதக்கணக்கில் கழித்து வந்து தோண்டி எடுத்தவர்கள் உண்டு. இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு அந்தக் கிடங்கு இருந்த இடத்தின் அடையாளம் இன்னும் மனதில் இருக்கும். மலைநாட்டில் அந்த முறை உதவாது. "தாயி, இங்க தண்ணி மேல இருந்து மட்டுமா வருது? சொவத்துக்குள்ள இருந்தும் வரும்" என்று பெரியம்மா வந்த அன்றே சொல்லிவிட்டார். என் கைப்பையைச் சுவரோரம் வைக்கவும் அவர் விடவில்லை.

அந்தப் பையில் நகை ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் விவாகப் பதிவுப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், முகாமில் தந்த அட்டை, என் கணவரின் இரண்டு படங்கள். 2009 மே மாதத்துக்குப் பின் அவரைப் பற்றித் தகவல் இல்லை.

பெரியம்மா சொன்னதன் காரணம் லயத்தைப் பார்த்தாலே புரியும். பல லயங்கள் வெள்ளைக்காரர் காலத்தில் கருங்கல்லும் சேறும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டவை. சரிவை வெட்டி மட்டமாக்கிய இடத்தில், பின்சுவர் மண்மேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். மேட்டில் ஊறும் தண்ணீர் சுவருக்குள் இறங்கும், நிலத்திலுள்ள ஈரம் கல்லிடுக்கு வழியாக மேலே ஏறும். இவை போதாதென்று நாங்களே உண்டாக்கும் ஈரமும் இருக்கிறது. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சோறு வடிக்கிறோம், குளிக்கத் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம், ஈரத்துணியை அறைக்குள் கொடி கட்டிப் போடுகிறோம். சூடான காற்று நிறைய ஆவியைத் தாங்கும். அது குளிர்ந்த சுவரிலோ கூரைத் தகரத்திலோ பட்டவுடன் ஆவி தண்ணீராகிவிடும். விடியற்காலையில் மழையே இல்லாமல் தகரம் சொட்டுகிறதே, அது பெரும்பாலும் முதல்நாள் இரவுச் சோற்றின் ஆவிதான். ஆகவே சமைக்கும் நேரத்தில் எவ்வளவு குளிராக இருந்தாலும் கதவையோ ஜன்னலையோ ஒரு சாண் திறந்து வைப்பது முதல் வேலை. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அடுத்தது, பொருள் வைக்கும் இடம். தோட்டத்துப் பெண்கள் இதைத் தேயிலைத் தொழிற்சாலையிலேயே பார்த்துப் பழகியவர்கள். கொழுந்தை வாட்டுவது மேல்மாடியில், பரப்பி வைத்து, அடியில் காற்றுப் போகவிட்டு. காய்ந்து முடிந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குத்தான் ஈரம் நிற்கும். திறந்து வைத்தால் அது சுற்றியுள்ள ஈரத்தை மறுபடி குடித்துவிடும் என்பதால், முன்பெல்லாம் உள்ளே அலுமினியத் தாள் வைத்த பலகைப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். இப்போது கடதாசிச் சாக்குகள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பழைய தேயிலைப் பெட்டிகள் லயங்களில் இன்னும் அங்கொன்று இங்கொன்றாக இருக்கின்றன. பெரியம்மாவிடமும் ஒன்று இருந்தது. நான்கு செங்கல்லின் மேல், பின்சுவரைத் தொடாமல், உட்சுவர்ப் பக்கமாக வைத்திருந்தார். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் கை நுழைய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அலுமாரிக்கும் அதே கணக்குத்தான்.

அடுப்புக்கு மேலுள்ள பரண் வீட்டிலேயே காய்ந்த இடம். மிளகாய், விதை, வெங்காயம், நெருப்புப்பெட்டி, மழைக்கால விறகு எல்லாம் அங்கே ஏறும். புகைக்குப் பூச்சி வராது. ஆனால் துணிக்கும் கடதாசிக்கும் புகை ஆகாது. கறுத்து, மணத்து, நாளடைவில் நொறுங்கிப் போகும். அந்தப் புகை நம் நெஞ்சுக்கும் ஆகாது என்பதை இங்கே இருமிக்கொண்டு வாழும் பெண்களைக் கேட்டாலே தெரியும். சமையல்வாயு வந்த வீடுகளில் அடுப்பு மூட்டாததால் பரணும் ஈரமாகிவிட்டது. 2022இல் வாயு கிடைக்காமல் எல்லோரும் மறுபடி விறகுக்குத் திரும்பியபோது, பரண் மட்டும் நன்றாகக் காய்ந்தது என்று பக்கத்துக் காம்பரா அக்கா சிரித்துக்கொண்டு சொன்னார். வசதியானவர்கள் முன்பு அலுமாரிக்குள் சிறிய பல்பு ஒன்றை எரியவிடுவார்கள். இப்போதைய எல்.ஈ.டி. பல்புக்கு அந்தச் சூடு இல்லை. பழைய சூட்டுப் பல்பைத் துணிக்கு நடுவில் எரியவிடுவது தீயை வீட்டுக்குள் அழைப்பதுதான். நான் அதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

துணிமணிகளைப் பொறுத்தவரை ஒரு விஷயம் முக்கியம். தை, மாசி வெயிலில் சேலையையும் கம்பளியையும் காயவைத்து, பின்னேரம் பனிமூட்டம் இறங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எடுத்த சூட்டோடு பெட்டியில் அடைத்துப் பூட்டக்கூடாது. அரை மணித்தியாலம் நிழலில் ஆறவிட்டு மடித்து வைத்தால் உள்ளே வியர்க்காது. பொலித்தீன் பை மழை ஒழுக்கைத் தடுக்கும். ஆனால் உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அதை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே துணியைப் பழைய பருத்திச் சேலையில் சுற்றி வைப்பது நல்லது. வாழ்வாதார உதவியாகத் தையல் மெஷின் கிடைத்த சகோதரிகளும் அதைப் பொலித்தீனால் இறுக்கி மூடாமல், தைத்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பருத்தித் துணியால் மூடி வைத்தால் துரு ஏறுவது குறையும்.

இனி, கடதாசி. அரிசி கெட்டால் வேறு அரிசி வாங்கலாம். கடதாசி அப்படியில்லை.

பெரியம்மாவின் தேயிலைப் பெட்டிக்குள் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் அவருடைய பிரஜாவுரிமைக் கடதாசி. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துச் சனங்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டது. மிஞ்சியிருந்தவர்களுக்கும் வழி செய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு கடதாசி இல்லாததால் என்ன நடக்கும் என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூரை ஒழுகினால் பெரியம்மா முதலில் பார்ப்பது அந்த டின்னைத்தான்.

எங்கள் கதையும் அங்கேதான் வந்து நிற்கிறது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமல் போனோர் பற்றி விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு, 2018இல் வேலையைத் தொடங்கிய காணாமல் போனோர் பற்றிய அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் போகும் பெண்ணின் கையில் அதே விவாகப் பத்திரமும் அதே படமும் முந்திய முறைப்பாட்டின் துண்டும் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாத குடும்பம், ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அதற்கும் ஆதாரம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி கொண்டுபோன கடதாசியில் பூஞ்சணம் பதிவு இலக்கத்தைத் தின்றிருந்தது. ஒரு காரியாலயத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் இரண்டு நாள் சம்பளத்தை விட்டு மறுபடி வன்னிக்குப் பஸ் ஏறினாள்.

பெரியம்மாவின் முறைதான் என்னுடையதும். இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின். ஒரு பிடி அரிசியை எண்ணெய் இல்லாமல் வறுத்து, நன்றாக ஆறிய பின் துணியில் முடிந்து டின்னின் மூலையில் வைக்க வேண்டும். அரிசி ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்து மறுபடி வறுக்க வேண்டும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிறிய மணிப் பொட்டலங்கள் கிடைத்தால் அவற்றையும் போடலாம், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் கல்லும் ஈரம் குடிக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கொதிக்கும். கடதாசி இருக்கும் இடத்தில் வேண்டாம். மூலப்பிரதியை லமினேற் செய்துவிட்டால் பின்னர் பிரித்தெடுக்க முடியாது. சாதாரணத் தெளிந்த உறையே போதும். பதிவு இலக்கம், திகதி, பதிந்த இடம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடதாசி போனாலும் பதிவாளர் காரியாலயத்தில் பிரதி எடுக்க அது உதவும். நிழற்பிரதித் தொகுதி ஒன்று வேறு ஊரில் இருப்பது நல்லது. என்னுடையது கிளிநொச்சியில் தங்கச்சியிடம் இருக்கிறது.

படத்துக்குப் பதிவாளர் பிரதி தரமாட்டார். கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டிய படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் இழுக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, கடையில் அச்சடித்துக் கொள்ளுங்கள். மாட்ட வேண்டியது அந்தப் பிரதியைத்தான், அதையும் உட்சுவரில். மூலப்படம் டின்னுக்குள் இருக்கட்டும். படத்தில் பூஞ்சணம் வந்தால் ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. காய்ந்த நாளில் வெளியே வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

டின்னை உயரத்தில் வைப்பதா, கையெட்டும் இடத்தில் வைப்பதா என்பதில் எனக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சு இருந்தது. உயரத்தில் நன்றாகக் காயும். ஆனால் 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் போட்ட உடுப்போடு வெளியேறின. அடைமழை நாட்களில் பரணில் ஏறி டின்னைத் தேட நேரம் இருக்காது. இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கு இதுதான்: சாதாரண நாட்களில் டின் தேயிலைப் பெட்டிக்குள். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, பிள்ளைகளின் மருந்தோடு கதவடிப் பைக்குள். கதவடியில் ஒரு பை தயாராக நிற்க வேண்டும் என்பதை வன்னியிலிருந்து வந்த எனக்குப் பெரியம்மா சொல்லித் தரவில்லை. அதை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

இந்த மாசியில் நல்ல வெயில் நாளொன்றில் எல்லாவற்றையும் இஸ்தோப்பில் பரப்பினோம். அவருடைய படத்தின் மூலையில் முகாமில் விழுந்த பழுப்புப் புள்ளி பெரிதாகவில்லை. விவாகப் பத்திரத்தின் மடிப்புக் கிழியத் தொடங்கியிருப்பதால், இனி மடிக்காமல் வைக்க அகலமான டின் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.