கடலுக்கு மட்டும் போயிடாத!

பெர்லின்ல ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்னு மெயில் வந்தப்போ, எங்க அம்மா போட்ட கண்டிஷன் என்ன தெரியுமா? தண்ணியடிக்காத, சிகரெட் தொடாத, வெள்ளைக்காரப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து நிக்காத... ம்ஹூம், எதுவும் இல்லை. ‘‘கடலுக்கு மட்டும் போயிடாத தம்பி!’’

அவ்வளவுதான். ‘பெர்லின்ல கடலே கிடையாதும்மா’னு மேப்பைக் காட்டின பிறகுதான் மனசு ஆறினாங்க.

நாங்க நாகப்பட்டினம். வீட்டுலேர்ந்து சைக்கிளை மிதிச்சா பத்து நிமிஷத்துல கடற்கரை. ஆனா, எனக்கு நினைவு தெரிஞ்சு கடல்ல கால் நனைச்சதே இல்லை. சொன்னா காலேஜ்ல சிரிப்பாங்க. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலையில மீன் வாங்கப் போன பெரிய மாமா திரும்பி வரலை. எங்க மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. அப்போ எனக்கு ஒண்ணரை வயசு. மாமான்னா எனக்கு ஹால்ல மாலை போட்டுத் தொங்குற போட்டோதான். அன்னிலேர்ந்து அம்மா கடல் பக்கம் திரும்பினதில்லை.

கட் பண்ணா, 2023 ஜூலை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ஹாஸ்டல் கிச்சன்ல சாம்பார் சாதம் கிளறிட்டு இருக்கும்போது மதுரைக்காரன் ஆரம்பிச்சான். ‘‘மாப்ள, கையில 49 யூரோ டிக்கெட் இருக்கு. மாசம் பூரா ஜெர்மனி முழுக்க சுத்தலாம். நாம என்னடான்னா ஹாஸ்டல் டு லேப், லேப் டு ஹாஸ்டல்!’’ அந்த டிக்கெட் அந்த வருஷம் மே மாசம்தான் வந்திருந்துச்சு. எக்ஸ்பிரஸ்ல ஏற முடியாது. ஊர் ஊரா நின்னு போற ரயில்தான். நமக்கென்ன அவசரம்? திருச்சூர் பொண்ணு ரயில் டைம் பார்த்தா. முடிவான இடம், வார்னமுண்டே. பால்டிக் கடற்கரை!

நான் வாயைத் திறக்கலை. ‘வரலை’னு சொல்லியிருக்கலாம். சொல்லலை.

கிட்டத்தட்ட மூணு மணி நேரத்துல ரோஸ்டாக். அங்கேர்ந்து இன்னொரு ரயில்ல இருபது நிமிஷம். இறங்கினா வாய்க்கால் மாதிரி ஒரு நீரோட்டம், ரெண்டு பக்கமும் படகு, படகுலயே மீன் வியாபாரம். பன்னைக் கீறி ஊறப்போட்ட மீனும் வெங்காயமும் வெச்சுத் தர்றாங்க. மதுரைக்காரன் ஒரு கடி கடிச்சு ‘‘காரமே இல்லையேடா’’ங்கறதுக்குள்ள, பின்னாடியிலேர்ந்து ஒரு கடல் காகம் வந்து மீனை லவட்டிட்டுப் போயிடுச்சு. கையில வெறும் பன்னு! (எங்க ஊரு காக்காவே தேவலைங்க. கேட்டுட்டு எடுக்கும்.)

மணல் முழுக்கக் கூரை போட்ட பிரம்பு சோபா மாதிரி ஒண்ணு நிக்குது. 1882-ல மூட்டுவலி இருந்த ஒரு அம்மாவுக்காக ரோஸ்டாக்கைச் சேர்ந்த கூடை முடையறவர் செஞ்சு கொடுத்ததாம். காத்தும் வெயிலும் படாம கடலைப் பார்க்கலாம். வாடகைக்கு ஒண்ணு பிடிச்சோம். எல்லாரும் தண்ணிக்கு ஓடிட்டாங்க. நான் உட்கார்ந்துட்டேன்.

‘‘லைட்ஹவுஸ் பார்த்துட்டு வர்றேன்’’னு நழுவினேன். பக்கத்துலயே 1968-ல கட்டின ஒரு கட்டடம் இருக்கு. டீ பாத்திரம்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு. கான்கிரீட்டைத் துணி மாதிரி வளைச்சுக் கூரை போட்டிருக்காரு உல்ரிச் மூத்தர்ங்கற இன்ஜினீயர். நான் சிவில். அதனால ‘படிப்புக்காகப் பார்க்கறேன்’னு எனக்கே கதை விட்டுக்கிட்டு அதையே மூணு சுத்து சுத்தினேன். எத்தனை நேரம்தான் ஒரு கூரையைப் பார்க்கறது, சொல்லுங்க?

திரும்பி வந்தப்போ திருச்சூர் பொண்ணு தலை சொட்டச் சொட்ட நின்னா. அவகிட்டதான் முதல் தடவையா மாமா கதையைச் சொன்னேன். அவ ஆறுதல் எல்லாம் சொல்லலை. ‘‘முட்டி வரைக்கும் வர்றியா? நான் பக்கத்துல நிக்கறேன்’’னா. அவ்வளவுதான்.

ஷூவைக் கழட்டினேன். ஜூலை மாசம்னு பேரு, தண்ணி ஐஸ்! ஒரு விரலை நக்கிப் பார்த்தேன். உப்பு பாதி கூட இல்லை. அலை வந்து கணுக்கால்ல மோதிட்டுப் பேசாம போச்சு. முட்டி வரைக்கும்னுதான் பேச்சு; இடுப்பு வரைக்கும் போயிட்டேன். பின்னாடி மதுரைக்காரன் ‘‘ஒன்ஸ்மோர்’’னு கத்திக்கிட்டு இருந்தான். அந்தப் பாவிதான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டவன். அவன் நம்பர் அம்மா போன்ல இருக்குங்கறது எனக்கு உறைக்கவே இல்லை.

அஞ்சு மணிக்கு வாட்ஸ்அப்ல வீடியோ கால். அங்கே எட்டரை. ‘‘எங்க இருக்க?’’

பொய் ரெடியாத்தான் இருந்துச்சு. சட்டை ஈரத்தோட எதைச் சொல்ல? ‘‘கடல்லம்மா...’’

திட்டுவாங்கன்னு போனைக் கொஞ்சம் தள்ளியே பிடிச்சேன். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘‘அந்தப் பக்கம் திருப்பு’’ன்னாங்க. கேமராவைத் திருப்பினேன். கை வலிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நின்னேன். நடுவுல ஒரு பெரிய கப்பல் போச்சு.

‘‘அலையே பெருசா இல்லையேடா?’’

‘‘இங்கே அப்படித்தாம்மா.’’

‘‘அண்ணன் நல்லா நீந்தும். உனக்குத் தெரியாது’’ன்னாங்க. மாமாவைப் பத்தி அம்மா வாயிலேர்ந்து போட்டோவுல இல்லாத ஒரு விஷயத்தை அன்னிக்குத்தான் கேட்டேன். இன்னும் ஏதாவது சொல்வாங்கன்னு காத்திருந்தேன். ‘‘தலையைத் துவட்டு, சளி பிடிக்கும்’’னு வெச்சுட்டாங்க.

சளி பிடிச்சது. புதன்கிழமை வரைக்கும் லேப்ல தும்மல்தான். அம்மாகிட்ட அதை மட்டும் சொல்லலை... நீங்களும் சொல்லிடாதீங்க!