பனி என்னும் சொல்

ஆசிரியர் கையிலுள்ள சிவப்பு மை மிகவும் வலியது. அது பிழையைத் திருத்தும். சில வேளைகளில் பிழையே இல்லாத இடத்தில் காயமும் செய்துவிடும். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு இவ்வுண்மையை உணர்த்தியது மூன்று நாள் மலைநாட்டு விடுமுறை ஒன்று.

ஸ்கூடாய், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே அமைந்த ஊர். வெயிலும் மழையும் அன்றி வேறு பருவம் அறியாதது. இங்கே ஆறாம் ஆண்டு மாணவர்களை, 'நான் கழித்த விடுமுறை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். ஒரு மாணவன், "கேமரன் மலையில் பாட்டி வீட்டில் இரவெல்லாம் பனி கொட்டியது. நாங்கள் அடுப்பைச் சுற்றி அமர்ந்து குளிர்காய்ந்தோம்" என்று எழுதியிருந்தான்.

படித்ததும் என் மனக்கண்முன் தோன்றியவை, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் காணும் வெண்ணிறக் கூரைகளும் மரக்குடில்களுமே. நம் நாட்டில் ஏது பனி? அவ்வரிகளைச் சிவப்பு மையால் அடித்தேன். அத்துடன் நின்றேனா? "தம்பி, பனி கொட்டியதை எந்தத் திரைப்படத்தில் பார்த்தாய்?" என்று வகுப்பறையில் கேட்டும் விட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் தலைகுனிந்தான். அதன்பின் அவன் எழுதிய கட்டுரைகளில் பாட்டியும் வரவில்லை, அடுப்பும் வரவில்லை. பாடநூல் வாக்கியங்களே வரிசையாக வந்தன. அதை நான் முன்னேற்றம் என்றே எண்ணிக்கொண்டேன்.

அடுத்த பள்ளி விடுமுறையில் நானும் என் துணைவியாரும் கேமரன் மலைக்குச் சென்றோம். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் தானா ராத்தாவை அடையலாம். 1885-இல் இப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரையே இம்மலை தாங்கியிருக்கிறது. 1929-இல் இங்கே போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. இச்சரிவுகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய உழைப்பில் நம் முன்னோரின் பங்கு பெரிது. இன்று கொழுந்து பறிப்போருள் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டாலும், தமிழ்க் குடும்பங்கள் சில இன்னும் அங்கே வாழ்ந்து வருகின்றன.

நாங்கள் தங்கியது ஆங்கிலேயர் பாணியில் அமைந்த பழைய விடுதி. கூடத்தில் விறகு எரியும் கணப்பு இருந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு சூடான தேநீரைப் பருகியபடி நெருப்பைப் பார்த்திருந்த அந்த இரவின் இன்பத்தை எளிதில் மறக்க இயலாது. தலைமையாசிரியர் என்னும் பொறுப்பும் அந்த வெம்மையில் சற்றே உருகிப் போயிற்று.

மறுநாள் வைகறையில் பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்குச் சென்றோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் நின்ற மூதாட்டி ஒருவர் என் வெறுந்தலையைப் பார்த்து, "ஐயா, பனி கொட்டுது. தலைய மூடிக்குங்க" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவராம்.

நான் அசைவற்று நின்றேன். அந்த மாணவன் எழுதிய அதே சொற்கள்!

பனி என்றால் பிறநாட்டு வெண்பனி மட்டுந்தானா? புல்நுனித் துளியும் பனி, மலையை மூடும் புகைபோன்ற படலமும் பனி, குளிரும் பனி, கண்ணீரும் பனி. முன்பனி, பின்பனி எனப் பருவம் வகுத்த நம் முன்னோர் வெண்பனி மூடிய கூரைகளைக் கண்டா அவ்வாறு வகுத்தனர்? நெடுநல்வாடையில் கோவலர் தீ மூட்டிக் குளிர்காயும் காட்சியைப் பலமுறை விளக்கியவன் நான். அதே காட்சியை என் மாணவன் தன் பாட்டியின் அடுப்பருகே கண்டு எழுதினான். நானோ அதை அடித்துவிட்டேன். அச்சிறுவன் எழுதியது தமிழ். வாழ்த்து அட்டையைக் கண்டு மயங்கியவன் ஆசிரியனாகிய நான்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் கதையை வகுப்பில் சொல்லி மகிழ்பவன் நான். ஆயின், பாட்டியின் சொல்லைப் போர்த்திக்கொண்டு வந்த ஒரு சிறுவனிடமிருந்து அப்போர்வையைப் பறித்தேனே! அன்றிரவு கணப்பருகே அமர்ந்தபோது முன்னாளின் இன்பம் இல்லை.

பள்ளி திறந்த முதல் நாளே அம்மாணவனின் பழைய கட்டுரை ஏட்டைக் கேட்டு வாங்கினேன். வகுப்பின் முன்னிலையில், "இவன் எழுதியது சரி. திருத்தியவன்தான் தவறினான்" என்று கூறி, என் சிவப்புக் கோட்டின் அருகே கையொப்பமிட்டு மதிப்பெண்ணையும் மாற்றினேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. அவன் மெல்ல எழுந்து, "ஐயா, அங்க ரொம்பக் குளிரா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ஆமாம் தம்பி, பனி கொட்டியது" என்றேன்.

அந்த வாரம் அவன் எழுதிய கட்டுரையில் பாட்டி மீண்டும் வந்தார். கூடவே அவருடைய கிழிந்த கம்பளியும், அடுப்பில் சுட்ட மரவள்ளிக் கிழங்கும் வந்தன. ஒற்றுப் பிழைகள் மூன்று இருந்தன. அவற்றைப் பென்சிலால் திருத்தினேன்.