சிறுமலை ஏறிய ஓசையற்ற வண்டி

திண்டுக்கல் சூசையப்பர் பேராலயத்தில் ஞாயிறு முதல் திருப்பலி முடிந்து வெளியே வருவோர் செவியில், இறுதிப் பாடலுக்கு அடுத்தபடியாக விழுவது புல்லட் வண்டிகளின் முழக்கமே. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது முதல் அம்முழக்கத்திற்கு நம் நாட்டில் தனி மதிப்பு உண்டு. அதற்காகவே கடன்பட்டு வண்டி வாங்கிய இளைஞரையும் நாம் அறிவோம். அவர்களே இப்போது மின்சார மோட்டார் சைக்கிளைப் பற்றி ஓயாது பேசுவதைக் கேட்டு வியந்தோம். நேரில் காண்போமே என்று ஒரு சனிக்கிழமை அவர்களோடு சிறுமலைக்குப் புறப்பட்டோம்.

மூன்று வண்டிகள். ஒன்று பழைய புல்லட். மற்றொன்று பெங்களூரில் செய்யப்பட்ட மின்சார வண்டி. மூன்றாவது, யமஹா நிறுவனம் 2025இல் இந்தியாவில் வெளியிட்ட ஹைபிரிட் வண்டி. இது மின்சாரத்தால் மட்டும் ஓடுவதன்று. புறப்படுகையில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு சிறு மோட்டார் கைகொடுக்கிறது, அவ்வளவே. மின்சாரத்தால் மட்டுமே சிறிது தூரம் ஓடவல்ல ஹைபிரிட் வண்டியைக் கவாசாகி நிறுவனம் 2023இல் அறிமுகம் செய்தது. அதன் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாதது.

மலைக்கோட்டையை முதுகுப்புறம் விட்டு நத்தம் சாலையில் சென்று, சிறுமலைப் பிரிவில் திரும்பினோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். மின்சார வண்டிக்குக் கியர் மாற்றும் தொல்லையில்லை. நின்ற இடத்திலிருந்தே முழு விசையும் கிடைக்கிறது. ஆனால் அடிவாரத்தில் எண்பது சதவீதமாயிருந்த மின்னூட்டம், மேலே சேர்ந்தபோது அறுபதாகிவிட்டது. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் சிறிது திருப்பித் தரும் என்றார்கள். தந்தது மூன்று சதவீதம்!

ஒரு வளைவில் வாழைத்தார் சுமந்த குதிரை எதிரே வந்தது. மிரளாதிருக்கப் புல்லட் இளைஞர் எஞ்சினை அணைத்தார். மின்சார வண்டி கடந்தபோது குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. சற்று அப்பால் விறகு சுமந்து சென்ற ஒரு பாட்டியோ, வண்டி அருகில் வரும்வரை அறியாமல் பதறிப்போனார். நாங்கள் இறங்கி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: வீட்டுக்குள் மின்னூட்டம் செய்யலாமா? 2022 மார்ச்சில் வேலூரில் இரவு மின்னூட்டத்திலிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டில் மின்கலச் சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. எனினும் உறங்கும் அறையிலும் வாசல் வழியிலும் வேண்டாம் என்போம். பழைய ஒயரும் தளர்ந்த பிளக்கும் கூடவே கூடா.

திரும்பும் வழியில் நாகல் நகரில் ஒரு மெக்கானிக் கடையில் நின்றோம். அவருடைய தந்தையார் பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு வெகுநாள் முன்பே மலிவான அலிகார் பூட்டுகளால் பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டன. எனவேதான் மகன் அரத்தை விட்டு ஸ்பானரை எடுத்தார். அவர் மின்சார வண்டியை இருமுறை சுற்றி வந்தார்.

“சத்தத்தக் கேட்டுத்தானய்யா நான் நோவு சொல்றது. இது வாயே தெறக்க மாட்டேங்குதே!”

ஆயில் மாற்ற வேண்டாம், பிளக் துடைக்க வேண்டாம், கார்புரேட்டரும் இல்லை என்று இளைஞர்கள் உற்சாகமாய் அடுக்கினர். அவர் முகத்தைப் பார்த்த பின்னரே பேச்சை நிறுத்தினர். அவர் வாரந்தோறும் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பணம் அந்த ஆயிலிலும் பிளக்கிலும் அல்லவா இருக்கிறது!

தேநீர் வந்தது. குடித்து முடித்துப் புறப்படும் வேளையில் அவர் கேட்டார்: “தம்பி, இதை நாளைக்கு ஒரு நாள் எங்கிட்ட விட்டுட்டுப் போறியா? கழட்ட மாட்டேன். ஐ.டி.ஐ.யில கரண்ட்டு வேலை படிக்கிற பையன் வருவான். ரெண்டு பேருமா உக்காந்து பாக்குறோம்.”

இளைஞர் சாவியை அவர் கையில் வைத்தார். “சார்ஜரும் வீட்டுல இருக்குண்ணே, கொண்டுவந்து தர்றேன்” என்றார்.